மதிலுக்குள் பசுமை

பல்கலைக்கழகம் தன் மாணவர்க்குப் புகட்டும் பாடங்களுள், எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சேறாத பாடம் ஒன்றுண்டு. அவ்வளாகம் நாள்தோறும் நடத்தும் வாழ்க்கையே அப்பாடம். விரிவுரையாளர் நீரின் அருமையை விளக்கிக்கொண்டிருக்கையில், வகுப்பறைக்கு வெளியே மூடாத குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தால், மாணவன் இரண்டு பாடங்களையும் ஒருசேரக் கற்கிறான். தேர்வுக்குப் படித்தது தேர்வோடு போய்விடும். கண்டு பழகியது வாழ்நாள் முழுதும் உடன்வரும்.

1990-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டின் தல்வார் என்னும் சிற்றூரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கூடிப் பத்து அம்ச உறுதிமொழி ஒன்றை வெளியிட்டனர். சூழலைப் பற்றிக் கற்பிப்பதோடு அமையாமல், தம் நிறுவனங்களின் நடைமுறையையே சூழலுக்கு உகந்ததாக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மறு ஆண்டே நம் உச்ச நீதிமன்றம், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. பாடம் வந்தது, நூல்கள் வந்தன, தேர்வும் வந்தது. நடைமுறை வந்ததா?

ஒரு வளாகத்தைச் சூழலுக்கு உகந்ததாக்குவது எதற்காக? அழகுக்காகவா, மின்கட்டணம் குறைவதற்காகவா, அல்லது நீதிக்கடன் என்பதற்காகவா? அழகுக்காக என்றால் முகப்பில் ஒரு பூங்கா போதும். சிக்கனத்துக்காக என்றால் செலவு குறைந்ததும் நின்றுவிடலாம். நீதிக்கடன் என்றால், யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று முதலில் கணக்குப் பார்த்தாக வேண்டும். கணக்குப் பாராமல் கடன் தீர்ப்பவர் உண்டோ?

கணக்கின் நேர்மை

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ஓபர்லின் கல்லூரியில் நடந்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அங்குப் பேராசிரியராயிருந்த டேவிட் ஓர், உலகின் சூழல் அழிவு கல்லாதவரால் நேர்ந்ததன்று, பெரும்பாலும் பட்டம் பெற்றவரால் நேர்ந்ததே என்று இடித்துரைத்தவர். கட்டடமும் ஆசிரியராக விளங்க வேண்டும் என்ற அவரது முயற்சியால் 2000-ஆம் ஆண்டில் அங்கு ஒரு கல்விக் கட்டடம் திறக்கப்பட்டது. கூரையில் சூரிய மின்தகடுகள். கழிவுநீரைச் செடிகளும் நுண்ணுயிர்களும் தூய்மைப்படுத்த, அந்நீர் மீண்டும் கழிப்பறைகளுக்குப் பயன்படும். தான் செலவிடுவதைவிட மிகுதியான மின்னாற்றலைத் தானே ஆக்கும் நிலையை அக்கட்டடம் ஒருநாள் எட்ட வேண்டும் என்பது குறிக்கோள். எங்கும் பாராட்டுக் குவிந்தது.

அதே கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்ட் மின்சாரக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தார். கட்டடம் ஆக்கும் மின்சாரத்தைவிட உண்ணும் மின்சாரமே மிகுதி என்று 2002-ஆம் ஆண்டில் வெளிப்படையாக எழுதினார். ஊரே புகழும்போது, தம் சொந்தக் கல்லூரியைப் பற்றி இப்படிச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். பின்னர் 2006-இல் வாகன நிறுத்துமிடத்தின் மேல் 100 கிலோவாட் திறனுள்ள மின்தகடுகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. கூரையில் முதலில் இருந்தவையோ 60 கிலோவாட் மட்டுமே. கனவு கண்டவர் இல்லையேல் கட்டடம் இல்லை. கணக்குக் கேட்டவர் இல்லையேல் அக்கனவு வெறும் விளம்பரமாய் முடிந்திருக்கும். உண்மையைத் தேடுவதே தன் தொழில் என்று சொல்லும் ஒரு நிறுவனம், தன்னைப் பற்றிய உண்மைக்கு அஞ்சலாகாது.

கணக்கைக் கண்முன் வைத்தால் மனிதர் மாறுவர் என்பதற்கும் அக்கல்லூரியே சான்று. 2005-இல் அங்கு விடுதி மாணவர்க்கு அவரவர் விடுதியின் மின்செலவைக் காட்டி, இரண்டு வாரப் போட்டி ஒன்று நடத்தினர். மின்செலவு 32 விழுக்காடு குறைந்தது. நீர்ச்செலவோ 3 விழுக்காடுதான் குறைந்தது. ஆர்வம் ஓரிடத்தில் பாய்கிறது, வேறிடத்தில் தயங்குகிறது. ஆதலால் நல்லெண்ணம் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

வெளிமானின் வழக்கு

பசுமை என்றவுடன் மரக்கன்று நடுவதே நம் நினைவுக்கு வருகிறது. அது நற்செயல்தான். ஆயினும் எங்கு நடுகிறோம் என்று கேட்காமல் நடுவது எப்போதும் நன்மையாகிவிடாது. 1959-இல் தொடங்கப்பெற்ற சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், கிண்டிக் காட்டிலிருந்து பெற்ற ஏறத்தாழ 250 எக்டேர் நிலத்தில் அமைந்தது. புள்ளிமானும் வெளிமானும் உலவும் கல்வி வளாகம் உலகில் அரிது. வெளிமான் என்னும் பெயரே அது வெட்டவெளியில் வாழும் உயிர் என்பதை உணர்த்துகிறது. அதற்கு வேண்டியது புல்வெளி. கட்டடங்கள் பெருகினாலும் புல்வெளி சுருங்கும். வெளியெங்கும் மரங்கள் அடர்ந்தாலும் புல்வெளி சுருங்கும். நம் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஒன்று, ஏற்கெனவே அங்கு வாழும் உயிருக்கு இடநெருக்கடியாகலாம்.

அன்பு செய்வதற்கு முன், அன்பு செய்யப்படுவது எது என்று அறிந்துகொள்வதும் அறமே. தாவரவியலும் விலங்கியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு இந்த அறிவுக்குப் பஞ்சமில்லை. கன்று நடும் விழாவுக்கு நாள் குறிக்குமுன், அத்துறை ஆசிரியரிடம் ஒரு சொல் கேட்கிறோமா என்பதே கேள்வி.

மதிலுக்கு அப்பால்

இனி, எல்லாவற்றினும் கடினமான கேள்விக்கு வருவோம். வளாகத்தைச் சுற்றி மதில் உண்டு. உள்ளே தூய்மை, நிழல், பறவையொலி. ஆனால் உள்ளே உருவாகும் குப்பை எங்கே போகிறது? உள்ளே செலவாகும் நீர் எங்கிருந்து வருகிறது?

தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல் கொட்டப்பட்டது. மழைநீரைத் தாங்கிக்கொண்டு, வெள்ளத்தைத் தணித்து, வலசைப் பறவைகளுக்குப் புகலிடம் தந்த நிலம் அது. 2022-இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக, ராம்சர் பட்டியலில் அது இடம்பெற்றது. மாநகரின் ஒவ்வொரு தூய வளாகத்துக்கும் தூய்மை இழந்த நிலம் ஒன்று எங்கோ ஈடு கொடுத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் வந்தது. ஒரு வண்டிக்கு 25 இலட்சம் லிட்டர். நம் குழாயில் வரும் நீர் இன்னோர் ஊரின் நீராகவும் இருக்கலாம் என்பதை அவ்வண்டி காட்டிச் சென்றது.

மதிலுக்குள்ளேயே இன்னொரு மதிலும் உண்டு. உணவின் மிச்சத்தையும் காகிதத்தையும் நெகிழிப் பையையும் ஒரே கூடையில் எறிந்துவிட்டுப் போகிறான் முதுகலை மாணவன். படிக்க வாய்ப்புக் கிடைக்காத ஒரு தாய், விடியற்காலையில் அதை வெறுங்கையால் பிரிக்கிறாள். கற்றவனின் சோம்பலுக்குக் கல்லாதவள் கூலி கொடுக்கும் இடத்தை, எத்தனை மரங்கள் நிழல் தந்தாலும், பசுமை வளாகம் என்று எப்படி அழைப்பது?

ஏழை நாட்டில், வகுப்பறைக்கே பணம் போதாத கல்லூரிகளிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. விலையுயர்ந்த கருவிகளை வாங்கச் சொல்லி யாரும் அவற்றை வருத்த வேண்டியதில்லை. ஒழுகும் குழாய்களை எண்ணுவதற்கு எவ்வளவு செலவாகும்? கூரையில் விழும் மழைநீர் நிலத்தடிக்குச் செல்லும் வழி அடைபடாமல் இருக்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை பார்ப்பதற்கு? மழைநீர்ச் சேமிப்பு தமிழகத்தில் 2003 முதல் கட்டாயம். ஆனால் சட்டத்துக்காக வெட்டிய குழி தூர்ந்துபோனால் அது நீரைச் சேமிக்காது. புதுக் கட்டடம் எழுப்புமுன், பழையதைப் பழுதுபார்த்தால் போதுமா என்று கேட்பதும் செலவில்லாத அறமே. இவற்றுக்குப் பணத்தைவிட, தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் மனமே முதலில் தேவை.

நம் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் நாளில், தேர்ச்சி விழுக்காட்டையும் வேலைவாய்ப்பையும் கேட்டறிகிறோம். இனி இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்போம்: உங்கள் குப்பை எங்கே போகிறது? அதை யார் சுமக்கிறார்? நம்மவரே நடத்தும் கல்லூரிகளில் இக்கேள்விகளைச் சற்று உரத்தே கேட்கலாம். அங்கு நமக்கு உரிமையும் பொறுப்பும் மிகுதி. விடை தெரியாமல் அலுவலகத்தார் விழிப்பாராயின் அதுவும் நன்றே. மறுமுறை நாம் கேட்பதற்குள் அவர்கள் மதிலுக்கு வெளியே ஒருமுறை சென்று பார்த்து வந்திருப்பார்கள்.