தராசில் ஏறாத பழம்

திண்டுக்கல் கடைத்தெருவில் நடந்தது இது. முழுதாகச் சொன்னாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாழைப்பழக் கடை முன் நின்று, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த கறுத்த சிறுமலைப் பழங்களைக் கேட்டார். "மாட்டுக்கா டீச்சர்?" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் அள்ளிப் பையில் போட்டார். எடை போடவில்லை. "மாட்டுக்கு இல்லண்ணே, வீட்டுக்குத்தான்" என்றதும் அவர் கை நின்றது. போட்ட பழங்களைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார்.

"மனுசங்க திங்கறதுக்குன்னா தரமாட்டேன் டீச்சர். நல்லதா எடுத்துக்கங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஞ்சாமிர்தத்துக்குன்னா சொல்லுங்க, தாரேன்" என்றார்.

கேக் மாதிரி ஒன்று செய்யப் போகிறேன், கறுத்தால்தான் அதற்கு நல்லது என்று டீச்சர் விளக்கிய பிறகு, அரைமனதோடு நாலைந்து பழங்கள் வந்தன. காசு வாங்க மறுத்துவிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. அதில் பழத்தை ஒரு கணம்கூட வைக்கவில்லை. இனாமாகக் கிடைத்ததில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். டீச்சருக்கோ அந்தத் தராசு மனசை விட்டுப் போகவில்லை. எடை போட்டு, பாதி விலை சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பார்.

கறுத்த பழத்தைத் தேடிப் போனதற்குக் காரணம், மகன் வாங்கிக் கொடுத்த ஏர் ஃப்ரையர். பெயரில் வறுவல் இருக்கிறதே தவிர, அது ஒரு குட்டி ஓவன்தான். மேலே ஒரு கம்பிச்சுருள், அதற்கும் மேலே ஒரு விசிறி. சூடான காற்று பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். 2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியபோது, எண்ணெய் அதிகமில்லாத உருளைக்கிழங்கு வறுவல்தான் அதன் பெருமையாக இருந்தது. நம் வீடுகளில் முதல் மாதம் சமோசா, இரண்டாம் மாதம் சிக்கன், அப்புறம் பரண் என்பது பல ஏர் ஃப்ரையர்களின் ஜாதகம். டீச்சர் வீட்டில் அது பரண் ஏறாமல் தப்பித்தது பனானா பிரெட்டால்.

பிரெட் என்று பெயரே ஒழிய, அதில் ஈஸ்ட் கிடையாது. கோதுமை மாவு, நாட்டுச்சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய், ஒரு முட்டை அல்லது அரைக் கிண்ணம் தயிர், சோடா உப்பு, மசித்த பழம். பழத்திலும் தயிரிலும் உள்ள புளிப்பு சோடா உப்போடு சேர்ந்து வாயுவைக் கிளப்ப, மாவு எழும்பும். பெரிய ஓவனில் செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், கம்பிச்சுருள் தலைக்கு நேர் மேலே இருப்பது. கேக்குக்கு வழக்கமாகச் சொல்லும் 180 டிகிரி வைத்தால் பத்தாவது நிமிடமே மேல்தோல் கருகத் தொடங்கும். ஈர்க்குச்சியைச் செருகினால் நடுவில் மாவு கூழாகவே இருக்கும். வெப்பத்தை 160க்கு இறக்கி, டின்னின் வாயை அலுமினியத் தாளால் காற்றுக்குப் பறக்காதபடி இறுக மூடி, கடைசி ஐந்தாறு நிமிடம் மட்டும் திறந்துவிட்டால் சரியாக வரும். ஆறு அங்குல டின்னுக்கு அரை மணி, முப்பத்தைந்து நிமிடம். 1,500 வாட் இயந்திரம் அரை மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட் மின்சாரம். வீட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் இலவசம் என்பதால் அதை யாரும் வீட்டில் கணக்குப் பார்ப்பதில்லை.

பழத்துக்கும் கணக்கில்லை என்பதுதான் டீச்சரைக் குடைந்தது.

பனானா பிரெட் பிறந்ததே கறுத்த பழத்தை வீணாக்கக் கூடாது என்ற கவலையில்தான். 1930களில் அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்தது. சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் மலிவாக, எல்லா வீட்டிலும் இருந்தன. குப்பைக்குப் போகவேண்டிய பழத்தை மாவில் சேர்த்துச் சுடுவது அப்போதுதான் பரவியது. பில்ஸ்பரி மாவுக் கம்பெனி 1933இல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே பனானா பிரெட் இடம்பெற்றுவிட்டது. 2020 ஊரடங்கில் உலகம் முழுக்க வீடுகளில் மறுபடி சுட்டார்கள். ஆக, இல்லாமையில் ஒருமுறை, அடைபட்டுக் கிடந்ததில் ஒருமுறை. இன்று காபிக் கடைகளில் ஒரு துண்டு விற்கும் விலைக்குத் திண்டுக்கல்லில் ஒரு சீப்புப் பழமே வாங்கலாம். மாவோடு சேர்ந்தபின் காசு பெறுகிற அதே கறுத்த பழம், தனியாக இருக்கும்போது ஏன் காசு பெறவில்லை?

கடைக்காரருக்கு இதில் குழப்பமே இல்லை. மாட்டுக்கு இலவசம், சாமிக்குத் தரலாம், மனுசனுக்குக் கிடையாது. மூன்று வாய், மூன்று சட்டம்.

சாமிக்கு என்று அவர் சொன்னதில் ஊர் அனுபவம் இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு ஆகிவந்தது விருப்பாச்சி மலைப்பழம். அதில் ஈரம் குறைவு, சதை கெட்டி. நன்றாகக் கனிந்த பழத்தை நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் சேர்த்துப் பிசையும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பதப்படுத்தும் ரசாயனம் எதுவும் இல்லாமலே அது கெடாமல் இருப்பதற்கு அந்த வறண்ட சதையும் சர்க்கரையும் காரணம். சர்க்கரை வருவது ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடியிலிருந்து. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே விருப்பாச்சிப் பழமும் சிறுமலைப் பழமும் அதைப் பெற்றுவிட்டன.

ஆனால் அதே சாமிக்கு அர்ச்சனைத் தட்டில் கறுத்த பழம் வைத்துப் பாருங்கள். தட்டு திரும்பி வரும். காம்பு ஒடியாமல், நுனி நசுங்காமல், புள்ளி விழாமல் இரண்டு பழம் வேண்டும். அபிஷேகத்துக்குக் குழைந்தது, அர்ச்சனைக்கு மஞ்சள். சாமியிடமே இரண்டு சட்டம் இருக்கும்போது கடைக்காரரை மட்டும் என்ன சொல்வது?

இந்த இடத்தில் டீச்சருக்கு விதுரர் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. கண்ணன் வீட்டுக்கு வந்த பரவசத்தில் விதுரரின் மனைவி பழத்தை உரித்துச் சதையைக் கீழே போட்டுவிட்டுத் தோலை நீட்டுகிறாள். அவனும் ருசித்துத் தின்கிறான். இதைக் கோயில் கதாகாலட்சேபத்தில் கேட்டதா, சிறுவர் பத்திரிகையில் படித்ததா என்று அவருக்கு உறுதியில்லை. வியாச பாரதத்தில் இல்லாத, பக்தி மரபில் பின்னால் வளர்ந்த கதை அது. அன்பு இருந்தால் தோலும் போதும் என்று அதைச் சொல்வார்கள். டீச்சர் வேறு ஒன்றை யோசித்தார். அந்தக் கதையில் விதுரரின் மனைவி என்ன சாப்பிட்டாள்? யாரும் சொன்னதில்லை.

அங்கிருந்துதான் அப்பத்தா வந்தார்.

டீச்சரின் அப்பா ஊர், ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் வழியில் உள்ள விருப்பாச்சி. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரின் பாளையம்; வெள்ளையர் 1801இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். பள்ளி விடுமுறையில் அங்கே போகிற பிள்ளைகளுக்குக் கோபால நாயக்கரைவிட முக்கியம் உள்ளறை உத்தரத்தில் தொங்கிய வாழைத்தார். மலையிலிருந்து இறங்கிய தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைத்து அங்கே கட்டுவார்கள். அறைக்குள் நுழைந்தால் புகையும் பழமும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். மேல்சீப்பு முதலில் பழுக்கும். கைக்கெட்டாத உயரத்தில் கட்டியிருந்ததற்குக் காரணம் எலி என்று சொன்னார்கள்.

பங்கீடு அப்பத்தாவின் கையில். பொன்நிறச் சீப்பு வந்த விருந்தாளிக்கும் தாத்தாவுக்கும். புள்ளி விழுந்தது பிள்ளைகளுக்கு. தோல் முழுக்கக் கறுத்து, காம்பிலிருந்து தானே உதிர்ந்தது அப்பத்தாவுக்கு. திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து, நகத்தால் மெல்லக் கீறித் தோலை விலக்கி, தேன் நிறத்தில் இருக்கும் சதையை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்வார். கேட்டால், "எனக்கு இதுதாண்டி பிடிக்கும்" என்பார்.

மனுசங்க திங்கறதுக்குத் தரமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னபோது, அந்த மனுசங்களில் அப்பத்தா இருந்தாரா? மாடு, சாமி, மனுசன் என்ற மூன்று வாய்க்கும் நடுவே நான்காவதாக ஒரு வாய் எல்லா வீட்டிலும் இருந்திருக்கிறது. அடிப்பிடித்த சோறு, ஆறிய குழம்பு, உடைந்த தோசை, கறுத்த பழம் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. அதனால்தான் நம் வீடுகளில் எதுவும் வீணாகவில்லை என்று பெருமை பேச முடிந்தது. பனானா பிரெட்டுக்கு இங்கே இத்தனை காலம் தேவை வராததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மீந்த பழத்துக்குத் தீர்வாக வீட்டுக்கு ஒரு பெண் இருந்தாள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டால் கட்டுரை கம்பீரமாக நின்றுவிடும். ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது: அப்பத்தா சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

வாழைக்காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறி, நன்கு கனிந்தபின் மாவுச்சத்து ஒன்றிரண்டு சதவீதமே மிஞ்சும். தோலில் விழும் கறுப்பு அழுகல் அல்ல, ஒரு நொதியின் வேலை. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதும் அதே வகை நொதியால்தான். தண்ணீர் அதிகமுள்ள மோரிஸ் பழம் தோல் கறுப்பதற்குள் உள்ளே குழகுழத்துவிடும். சிறுமலையும் விருப்பாச்சியும் அப்படியல்ல. தோல் சுருங்கிக் கறுத்த பிறகும் சதை கெட்டியாக நிற்கும். இனிப்போடு லேசான புளிப்பும் மணமும் உச்சத்துக்கு வருவது அப்போதுதான். மலைக்காரர்கள் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அப்படியானால் விருந்தாளிக்குப் பார்வையான பழத்தைக் கொடுத்துவிட்டு, ருசியான பழத்தை அப்பத்தா தனக்கு வைத்துக்கொண்டாரோ? நகத்தால் கீறிய அந்த நிதானத்தை நினைத்தால் தியாகம் மாதிரித் தெரியவில்லை. ஆனால் சின்ன வயதில் பார்த்தது. அதில் இப்போது வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளவும் மனசுக்குத் தெரியும்.

கடைக்காரருக்கும் இது தெரியாததல்ல. திண்டுக்கல் சிறுமலை செட்டில் தார் ஏலம் எடுத்துப் பழகியவர். பார்வைக்காகப் பழம் விற்பது அவர் செய்த ஏற்பாடில்லை, வாங்குகிறவர்கள் செய்தது. மஞ்சள் கேட்டு மஞ்சள் கேட்டு, கடைசியில் கார்பைடு கல் வைத்துத் தோலை மட்டும் மஞ்சளாக்கும் வித்தை வரை வந்தது. கல்லில் ஈரம் பட்டு வரும் அசிட்டிலின், பழுக்க வைக்கும் எத்திலின் போலவே வேலை செய்யும். தோல் நிறம் மாறும், உள்ளே காய் காயாகவே இருக்கும். அதைத் தடை செய்திருந்தாலும் அதிகாரிகள் பிடிப்பது அவ்வப்போது செய்தியாகிறது.

மலைப்பழத்துக்கே ஒரு காலத்தில் முடிவு வருமோ என்ற நிலை இருந்தது. 1970களில் முடிக்கொத்து நோய் இந்த மலைகளின் வாழைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. மருந்து கிடையாது, மரத்தைத் தோண்டி அழிப்பது ஒன்றே வழி. பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்துத்தான் கொஞ்சம் மீண்டது. இன்றும் சிறுமலையின் பல தோட்டங்களிலிருந்து பாதை வரை தாரைச் சுமந்து வருவது குதிரை. இத்தனையும் தாண்டிக் கடைக்கு வந்த ஒரு பழத்துக்குத் தராசில் ஏறும் மரியாதைகூட இல்லையே என்பது டீச்சரின் கட்சி. கறுத்ததைக் காசுக்கு விற்றால் என் பெயர் கெடும் என்பது கடைக்காரரின் கட்சி. பின்னவர் பக்கம் ஒரு கௌரவம் இருக்கிறது. அதை ஏழு ரூபாய் எட்டு ரூபாய் கொடுத்து உடைக்கவேண்டுமா என்று டீச்சருக்கே தெரியவில்லை. அப்பத்தா விஷயத்திலும் அவர் ஒரு முடிவுக்கு வரவில்லை. சில நாள் ஒன்று தோன்றும், சில நாள் மற்றது.

செய்து பார்க்க நினைப்பவர்கள், கடையில் ஒதுக்கியதைத் தேடவேண்டாம். காய்ப்பதம் மாறிய மலைப்பழமாக ஒரு சீப்பை முழு விலை கொடுத்து வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். நாள் செல்லத் தானே கறுக்கும். மசித்த பழம் கெட்டியாக இருக்கும் என்பதால் மாவில் இரண்டு கரண்டித் தயிர் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். எல்லாப் பழத்தையும் மாவில் போட்டுவிடாமல், ஒன்றை மட்டும் அப்படியே உரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.