போல்ட் மாறினாலும் இயந்திரம் அதுவேதானா?

1940-களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு லேத்தில் போல்ட் ஒன்று முறிந்துவிட்டால், மாற்றுத் தேடுகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. துளையில் ஏற்கெனவே இருக்கும், விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அளவிலான மரைக்கு ஏற்ற போல்ட்டைத் தேடிப் பிடிக்கலாம்; கிடைக்காவிட்டால் கடைந்துகொள்ளலாம். அல்லது துளையைப் பெரிதாக்கி, எந்தக் கடையிலும் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டுக்கு ஏற்றபடி புது மரை போட்டுவிடலாம். இரண்டாவது வழி சுலபமானது. பெரும்பாலும் இதை நேரமும் செலவும் பற்றிய கணக்காகவே பார்க்கிறோம். எனக்கு இது அதைவிடப் பெரிய கேள்வியாகப் படுகிறது. உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும் ஒரு பொருளில் நிலைத்திருப்பது எது? அதைக் காக்கும் கடமை நமக்கு உண்டா?

இந்தக் கேள்வி இந்தியத் தத்துவத்தில் மிகப் பழையது. மிலிந்தன் என்னும் கிரேக்க அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிப் பேசியதாக ஒரு பாலி நூல் சொல்கிறது. அச்சு தேரல்ல, சக்கரம் தேரல்ல, நுகமும் தேரல்ல. இவை ஒன்றுசேர்ந்த நிலைக்கு நாம் வைத்த பெயரே தேர் என்பது அவர் நிலைப்பாடு. நியாய, வைசேடிக மரபினர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளில் தங்கி நிற்கும் முழுமை, உறுப்புகளினும் வேறான உண்மைப் பொருள் என்றார்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. துணியிலிருந்து ஓர் இழையை உருவினால் பழைய துணி அழிந்து வேறொரு துணி பிறக்கிறது என்று அவர்கள் சொல்ல நேர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒவ்வொரு போல்ட் மாற்றும்போதும் பழைய லேத் அழிந்துகொண்டே இருக்க வேண்டும். பட்டறையில் வேலை செய்யும் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நிலைப்பது உலோகமும் அல்ல, வெறும் பெயரும் அல்ல. உறுப்புக்கும் உறுப்புக்கும் இடையே உள்ள பொருத்தமே நிலைக்கிறது.

மரையின் வரலாறு இதற்குச் சான்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஒவ்வொரு பட்டறையும் தன் போக்கில் மரை வெட்டியது. ஒரு நட்டு தனக்கென வெட்டிய போல்ட்டில் மட்டுமே ஏறும் என்பதால் ஜோடி தவறாமலிருக்க இரண்டிலும் அடையாளம் பொறித்தார்கள். அன்று ஒரு போல்ட் தொலைந்தால் ஈடு செய்ய முடியாத ஒன்றையே இயந்திரம் இழந்தது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், பிற்பாடு மான்செஸ்டரில் சொந்தத் தொழிற்கூடம் தொடங்கினார். பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, அவற்றின் சராசரியிலிருந்து 1841-இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் சரிவுக் கோணம் 55 டிகிரி, முகடும் பள்ளமும் உருண்டை, ஒவ்வொரு தடிமனுக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று வரையறுத்தார். அதன் பிறகு தனிப்பட்ட போல்ட்டுக்கு முக்கியத்துவம் இல்லை. அது வகிக்கும் இடத்துக்குத்தான் முக்கியத்துவம். எந்த ஊரில், யார் செய்ததானாலும், அந்த அளவுக்கு உண்மையாக இருக்கும் போல்ட் அந்த இடத்துக்கு உரியது. உலோகம் மாறலாம், உறவு மாறாது என்ற நிலையை ஒரு தொழிலாளர் சமூகமே உடன்பட்டு உருவாக்கிய அரிய நிகழ்ச்சி இது.

அந்த உறவு வெறும் கற்பனை என்றால், அதை மீறுவதால் எதுவும் கெடக் கூடாது. ஆனால் கெடுகிறது. 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 60 டிகிரிக் கோணமும் தட்டையான முகடும் கொண்ட வேறொரு மரையை முன்வைத்தார். அமெரிக்கா அந்த வழியில் போயிற்று. கால் அங்குல போல்ட்டில் இரண்டு முறையிலும் அங்குலத்துக்கு 20 மரைதான். அதனால் அமெரிக்க போல்ட் பிரிட்டிஷ் நட்டில் பெரும்பாலும் ஏறிவிடும். ஆனால் சரிவுகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டி அமர்வதில்லை. பளு மரை முழுவதும் பரவாமல் சில இடங்களில் மட்டும் குவிகிறது. அரை அங்குலத்தில், அதாவது நம் பட்டறைகளில் சொல்லும் நாலு நூல் போல்ட்டில், விட்வொர்த்துக்கு 12 மரை, அமெரிக்க முறைக்கு 13. கையால் சில சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பேனரால் அழுத்தித் திருகினால் வார்ப்பிரும்புத் துளையின் மரை நொறுங்கிவிடும். முற்றிலும் பொருந்தாதது வாசலிலேயே நின்றுவிடும். ஏறக்குறையப் பொருந்துவதே உள்ளே போய்க் கெடுக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இந்த வேறுபாட்டால் பட்ட தொல்லைக்குப் பிறகுதான் 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் பொது மரை ஒன்றுக்கு ஒப்புக்கொண்டன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பொருத்தமே முக்கியம் என்றால், துளையைப் பெரிதாக்கி மெட்ரிக் மரை வெட்டினாலும் போல்ட்டுக்கும் துளைக்கும் குறையில்லாத பொருத்தம் கிடைக்குமே, அதில் என்ன தவறு? எது எதற்கு இணங்குகிறது என்பதில்தான் தவறு இருக்கிறது. போல்ட் மாறுவதற்கென்றே இருப்பது. வார்ப்பு நிலைப்பதற்கென்று இருப்பது. நம் கோயில்களில் மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தை வழக்கமாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். பிணைப்பு புதிதானதால் மூர்த்தி வேறாகிவிட்டார் என்று எந்தப் பக்தரும் நினைப்பதில்லை. புதிய மருந்துக்கு வசதியாகப் பீடத்தைச் செதுக்க யாரும் துணிவதுமில்லை. லேத்தின் அரை அங்குலத் துளையில் பழைய மரையின் தடம் 12.7 மி.மீ. வரை இருக்கிறது. 12 மி.மீ. போல்ட் அதில் நிற்காது, 14 மி.மீ.க்குப் போக வேண்டும். சுவர் மெலிகிறது, வெட்டிய இரும்பு திரும்ப வராது. ஒரே இயந்திரத்தில் இரண்டு அளவுமுறைகள் கலந்து, அடுத்துப் பழுது பார்க்க வருபவரை ஏமாற்றுகின்றன. அவருக்கும் இதில் உரிமை உண்டு. பொருத்தம் என்பது இன்று சந்திக்கும் இரண்டு உலோகங்களோடு முடிவதில்லை. செய்தவர், பழுது பார்ப்பவர், இனி வரப்போகிறவர் எல்லோருக்கும் இடையிலானது.

பழைய மரையைக் கட்டிக்கொண்டு அழுவது பற்று அல்லவா என்று பௌத்தர் கேட்கலாம். பொருள் மாறவே கூடாது என்று ஏங்குவதுதான் பற்று. முறிந்த போல்ட்டை வருத்தமின்றி எறிந்துவிட்டு, அதன் இடத்துக்கு உரியதைத் தேடுகிறவரிடம் அந்த ஏக்கம் இல்லை. தன் வசதியை அளவுகோலாக்காமல் தனக்கு முன்பிருந்த அளவுக்குத் தன்னை உட்படுத்திக்கொள்கிறார். அது ஒருவகைத் துறவு. அன்றாடக் கூலிக்கு இயந்திரத்தை ஓட்டுகிறவர் காத்திருக்க முடியுமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். துளையின் மரை ஏற்கெனவே அழிந்திருந்தால் பெரிதாக்குவதோ, உள்மரை பதிப்பதோ சரியான வைத்தியமே. காப்பதற்கு எதுவும் மிஞ்சாத இடத்தில் கடமையும் இல்லை. நல்ல மரை இருக்கும்போது, தேடச் சலித்து அதை அழிப்பதுதான் பிழை.

தேடலும் நினைப்பதுபோல் அத்தனை கடினமல்ல. விட்வொர்த் டேப்பும் டையும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. வீட்டுத் தண்ணீர்க் குழாய்களின் மரைகூட அதே 55 டிகிரிதான். அங்குல அளவு லீட் ஸ்குரூ உள்ள பழைய லேத், 55 டிகிரிக்குத் தீட்டிய டூல் இருந்தால், தனக்கு வேண்டிய போல்ட்டைத் தானே கடைந்து தரும். ஆகவே டிரில்லைக் கையில் எடுக்கும் முன் மரை கேஜை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.