உறுதியும் நெகிழ்வும்

விடாமுயற்சியுடையவனே கல்வியில் உயர்வான் என்பது பலரும் உடன்பட்ட கருத்து. ஆயின், உறுதி என்பது பற்றியதை விடாமை. கல்வியோ பிழையெனக் கண்டதை விடுதலையும் வேண்டி நிற்பது. தம்முள் முரணுவன போலத் தோன்றும் இவ்விரு பண்புகளும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் எங்ஙனம்? உ. வே. சாமிநாதையரின் வாழ்வு இவ்வினாவைத் தெளிவுபடுத்தத் துணைபுரிகின்றது.

1880 ஒக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் மாணாக்கர், அவ்வாண்டிலேயே கல்லூரித் தமிழாசிரியராகவும் அமர்ந்தவர், வயது இருபத்தைந்து. தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அவர் அடுக்கிக் கூறினார். முதலியாரோ சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா என வினவினார். ஐயர் அவற்றைப் படித்திருக்கவில்லை.

கற்றவர்க்கு இதனினும் கடிய சோதனை வேறில்லை. கேட்டவரை இகழ்ந்து தப்பலாம். சமண காவியத்தால் தமக்கு ஆவதென்ன என ஒதுக்கியும் விடலாம். பட்டமும் பதவியும் பெற்றோர்க்கு இவ்வழிகள் எளிதிற் கைவருவன. ஐயர் சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தார். புள்ளியிடப்படாத எழுத்துகள், எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் வேறுபாடறியா வரிவடிவம், மூலமும் உரையும் ஒன்றோடொன்று விரவிய ஓலைகள். சமணக் கோட்பாடுகள் விளங்காதவழி அவ்வூர்ச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று கேட்டறிந்தார். கல்லூரியில் ஆசிரியர், அவ்வில்லங்களில் மாணாக்கர். ஏழாண்டுகளின் பின், 1887இல், நூல் அச்சேறியது.

அதே ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானவர், முப்பதாண்டுகளின் பின்னும் ஏடுகளின் முன் அமர்ந்திருந்தார். பட்டமளிப்பு விழாவைக் கல்வியின் எல்லையாகக் கருதுவோர் இவரைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

சிந்தாமணியாற் பெற்ற புகழும் ஐயரின் மாணாக்க நிலையை மாற்றவில்லை. மணிமேகலையை ஆராயப் புகுந்தபோது சமணரிடம் கற்றவை போதவில்லை. அது பௌத்த நூல். கல்லூரியில் உடனாசிரியராயிருந்த ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் பயின்று பௌத்தக் கருத்துகளை விளக்க, ஆங்கிலம் அறியாத ஐயர் அருகிருந்து கேட்டார். மணிமேகலை 1898இல் வெளிவந்தது.

எனவே, முரண் தோற்றமளவினதே. ஐயரிடத்து உறுதி குறிக்கோளைப் பற்றியிருந்தது, நெகிழ்ந்தது தன்மதிப்பு. இவை இடம் மாறின், தான் சொன்னதையே சாதிக்கும் பிடிவாதமும், வினை கடினமானவிடத்துக் கைவிடும் சோர்வுமே எஞ்சும். அவருக்கு வாய்த்த துணைகள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்று மறுப்பாருமுளர். அது ஓரளவு உண்மையே. ஆயினும், தமக்குத் தெரியாது என்பதை அவர் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

1940 முதல் ஆனந்த விகடனிற் தம் வரலாற்றை எழுதியபோது ஐயர் எண்பத்தைந்து வயதை அணுகியிருந்தார். நாடறிந்த அப்பேரறிஞர், முதலியார் முன் விடையின்றி அமர்ந்திருந்த அந்த நாளை மறைக்காமல் விரித்தே எழுதினார்.