சிறு கைகளில் ஒரு பொறுப்பு

சில ஆண்டுகளுக்கு முன், மும்பை தாராவியில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குப் பண்பாட்டு வகுப்பு நடத்தும் பணி எனக்கு அமைந்திருந்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான முப்பது குழந்தைகள் வருவார்கள். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அன்பர்கள் சிலர் தொண்டு செய்ய வருவார்கள். குழந்தைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ. மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் அந்தப் பிஞ்சுகளின் ஆரவாரத்தை அடக்குவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை வகுப்புத் தலைவனாக நியமித்து, அவன் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தி, கையில் ஒரு சாக்பீசையும் கொடுத்தேன். நான் வருவதற்குள் யார் யார் பேசுகிறார்களோ அவர்களுடைய பெயர்களை அவன் கரும்பலகையில் எழுத வேண்டும். பெயர் எழுதப்பட்டவர்கள் கடைசி வரிசையில் அமர வேண்டும். பிரசாதமும் அவர்களுக்குக் கடைசியில்தான். வகுப்பு அமைதியாயிற்று. நானும் மகிழ்ந்தேன்.

தொடர்ந்து நான்கு வாரங்கள் ஒரு சிறுமியின் பெயர் பலகையில் இருந்தது. ஐந்தாவது வாரம், "ஏனம்மா, உன்னால் பத்து நிமிடம் வாய் மூடி இருக்க முடியாதா?" என்று கேட்டேன். அவள் தலைகுனிந்து நின்றாள். அவளருகில் இருந்த சின்னஞ்சிறுவன்தான் பதில் சொன்னான்: "சாமி, அக்கா எனக்குத் தமிழ்ல சொல்லித் தாராங்க."

அவன் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். தொண்டர்கள் இந்தியில் சொன்னது அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சிறுமி தாழ்ந்த குரலில் அதை அவனுக்குத் தமிழில் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறாள். அந்த அறையில் உண்மையான தலைமைப் பணியைச் செய்தவள் அவள் ஒருத்தியே. நான்கு வாரங்களாக அதற்காகவே அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன்.

தலைவனாக இருந்த சிறுவன் மீது குற்றமில்லை. பிறரைப் பிடித்துக் கொடுப்பது ஒன்றே தலைமை என்று அவனுக்குக் கற்றுக் கொடுத்தவன் நான். 'ஏன்?' என்று ஒருமுறையாவது கேட்காதவனும் நான்.

ஒரு சொல், இரு பொருள்

இன்று தமிழில் 'அதிகாரம்' என்றால் பிறரை ஆளும் வலிமை. 'அதிகாரி' என்றால் நாற்காலியில் அமர்ந்து ஆணையிடுபவர். ஆனால் வேதாந்த நூல்களில் இச்சொற்களின் பொருள் வேறு. அங்கே அதிகாரம் என்பது தகுதி. கற்பதற்கும் உணர்வதற்கும் தன்னைப் பக்குவப்படுத்திக் கொண்டவனே அதிகாரி. பிரம்ம சூத்திரத்தின் முதல் சொல்லுக்கு விளக்கம் கூற வந்த ஆதிசங்கரர், விவேகம், வைராக்கியம், மன அடக்கம் முதலிய செல்வங்கள், முக்தி வேட்கை ஆகியவற்றையே அந்தத் தகுதியாகக் கூறுகிறார். ஆள்வதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

ஒரு குழந்தையின் சட்டையில் அட்டையைக் குத்தும்போது இந்த இரண்டு அதிகாரங்களுள் எதை நாம் கொடுக்கிறோம்? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி. பிறர்மீது வலிமையைக் கொடுத்தால் அவன் அதைச் சுவைக்கக் கற்றுக் கொள்வான். பிறருக்கான கடமையைக் கொடுத்தால், அதைச் செய்வதற்கான தகுதியைத் தனக்குள் தேடத் தொடங்குவான்.

திண்ணையிலிருந்து லண்டனுக்கு

மாணவனுக்குத் தலைமை தருவது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. 1623-இல் கன்னட நாட்டில் பயணம் செய்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, ஒரு கோயில் மண்டபத்தில் நான்கு சிறுவர்கள் ஆசிரியரின்றி மணலில் எழுதிக் கணக்குப் படிப்பதைக் கண்டார். மறந்து போனால் யார் திருத்துவார்கள் என்று அவர் கேட்டபோது, நால்வருக்கும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சந்தேகம் வராது என்ற பொருள்பட அவர்கள் பதிலளித்ததாக எழுதியிருக்கிறார். ஒருவருக்கொருவர் ஆசானாக இருப்பதில் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை!

நம் திண்ணைப் பள்ளிகளிலும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் இல்லத்திலும் செய்து பார்க்க விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இது நடக்காது என்று தட்டிக் கழித்தார்கள். உடனே பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். 1797-இல் பெல் தம் அனுபவத்தை லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இத்தகைய பள்ளியை நடத்தினார். ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான ஏழைக் குழந்தைகள். அவர்களைக் கண்காணிக்க மானிட்டர்கள். குறைந்த செலவில் பெருங்கூட்டத்துக்குக் கல்வி கிடைத்தது உண்மை. ஆயினும், தவறு செய்த சிறுவனைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவது போன்ற அவமானத் தண்டனைகளும் அங்கே இடம்பெற்றன. அன்போடு அரவணைக்கக் கூடிய மூத்த மாணவன், ஓர் இயந்திரத்தின் பற்சக்கரமாக ஆக்கப்பட்டான்.

'சட்டாம்பிள்ளைத்தனம்' என்று நாம் இன்று எதைச் சொல்கிறோம்? பிறர்மீது வேண்டாத ஆதிக்கம் செலுத்துவதை! கற்றுக் கொடுத்தவனைக் குறித்த சொல், மிரட்டுபவனைக் குறிக்கும் கேலிச் சொல்லாகிவிட்டது. நாம் குழந்தைகளுக்கு எந்த அதிகாரத்தை அதிகமாகக் கொடுத்தோம் என்பதற்கு நம் மொழியே சாட்சி.

'குழந்தைக்கு என்ன தெரியும்?'

பெற்றோர் சிலர் நியாயமான ஐயங்களை எழுப்புகிறார்கள். குழந்தைக்கு என்ன தெரியும்? கருத்துக் கேட்டால் படிப்பு வேண்டாம், விளையாட்டுப் போதும் என்று சொல்லாதா? பொறுப்புக் கொடுத்தால் கர்வம் வராதா? தகுதி வந்த பின்பு பொறுப்பைக் கொடுப்பதுதானே முறை?

கடைசி ஐயத்தை முதலில் எடுத்துக் கொள்வோம். தகுதி வந்த பின்பே பொறுப்பு என்றால், எந்தத் தாயும் குழந்தையைத் தன் கையால் உண்ண விடமாட்டாள். முதல் நாள் சோறு சிந்தத்தான் செய்யும். சிந்திய சோற்றைத் தாய் பொறுமையோடு துடைத்தெடுப்பதால்தான் கைக்கும் வாய்க்கும் இடையிலுள்ள வழி குழந்தைக்குப் பிடிபடுகிறது. பொறுப்பும் அப்படியே. வயதுக்கேற்ற அளவில் தரப்படும் பொறுப்பே தகுதியை வளர்க்கிறது.

கருத்துக் கேட்பது வேறு, கேட்டதையெல்லாம் கொடுப்பது வேறு. மருத்துவர் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். மருந்தைத் தாமே முடிவு செய்கிறார். ஆனால் வலி எங்கே என்று கேட்காமல் மருந்து கொடுப்பவரை நாம் மருத்துவர் என்று ஏற்பதில்லை. குழந்தைகள் தொடர்பான விஷயங்களில் அவர்களுடைய கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பளிக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை கூறுகிறது. 1992-இல் பாரதம் அதில் இணைந்தது. நமது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், குழந்தையை அச்சத்திலிருந்து விடுவித்து, தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. சட்டம் வழியைத் திறந்து வைக்கலாம். செவியைத் திறக்க வேண்டியது நாம்தான்.

கர்வத்தைப் பற்றிய ஐயம் மட்டும் முற்றிலும் உண்மையானது. அதற்கு மருந்து, பொறுப்பைப் பறிப்பதன்று. பொறுப்பின் தன்மையை மாற்றுவது. ராஜஸ்தானில் திலோனியா கிராமத்தை மையமாகக் கொண்ட தொண்டு நிறுவனம், பகலில் ஆடு மேய்க்கும் குழந்தைகளுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தியது. 1993-இல் அங்கே குழந்தைகள் பாராளுமன்றம் தொடங்கப்பட்டது. ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள குழந்தைகள் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிரதிநிதிகளின் பணி சக மாணவர்களை மிரட்டுவதன்று. ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா, குடிக்க நீர் இருக்கிறதா என்று கவனித்துப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வதுதான். காலையில் ஆடு மேய்த்த சிறுமி மாலையில் அதன் பிரதமராகவும் இருந்தாள். தலைமையின் பார்வை கீழே இருப்பவர்களின் குறைமீது விழாமல், எல்லாருடைய தேவையின்மீதும் விழுந்தது.

தமிழகத்திலும் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலமெங்கும் விரிவடைந்த செயல்வழிக் கற்றல் முறையில், குழந்தைகள் தங்கள் வருகையைத் தாங்களே குறித்தார்கள். ஒவ்வொருவர் கைக்கும் எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைக்கப்பட்டது. ஒரு படியைக் கடந்தவர் அடுத்தவருக்கு உதவினார். எழும்பூரில் பெல் கண்டது, அதே நகரில் இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் தலைகாட்டியது எனலாம்.

எமன் கேட்ட மன்னிப்பு

கடோபநிஷதத்தின் நசிகேதன் சிறுவன். தந்தை வேள்வியில் பால் வற்றிய கிழப் பசுக்களைத் தானமாகக் கொடுப்பதைக் கண்டு அவன் மனம் வருந்தியது. "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று மும்முறை கேட்டான். தந்தைக்குக் கோபம் வந்தது. எமனுக்குக் கொடுத்தேன் என்றார். குழந்தையின் கேள்வி நம் குறையைத் தொடும்போது நாமும் இதைத்தானே செய்கிறோம்!

அவனுள் சிரத்தை புகுந்ததாலேயே அவன் அவ்வாறு கேட்டான் என்கிறது உபநிஷதம். அது துடுக்குத்தனமன்று. தந்தையின் செயல் பயனற்றுப் போய்விடக் கூடாதே என்ற கவலை. பின்னர் எமனிடம் அவன் கேட்ட முதல் வரமே தந்தையின் சினம் தணிந்து அவர் மனம் அமைதி பெற வேண்டும் என்பதுதான். எமன் என்ன செய்தான்? தன் வீட்டு வாசலில் மூன்று இரவுகள் ஒரு சிறுவன் உணவின்றிக் காத்திருந்தான் என்று அறிந்ததும் அவனை வணங்கி, தன் பிழைக்கு ஈடாக மூன்று வரங்கள் தருவதாகச் சொன்னான். எல்லா உயிரும் அஞ்சும் காலனே ஒரு குழந்தையின் முன் தன் பிழையை ஒப்புக் கொண்டான்!

நம் சுவாமிமலையும் இதைத்தானே சொல்கிறது? பிரணவத்தின் பொருளைக் கேட்க, தந்தையான சிவபெருமான் மகனின் முன் சீடனாகப் பணிந்து நின்றார். தகப்பன்சாமி என்று முருகனைக் கொண்டாடும் நாம், நம் வீட்டுக் குழந்தை பேச வரும்போது, "சும்மா இரு" என்று சொல்வது பொருந்துமா?

அந்த வகுப்பில்

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமியிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். சாக்பீசையும் அட்டையையும் திரும்ப வாங்கிக் கொண்டேன். வாரம் ஒருவராக, தண்ணீர் வைப்பது, செருப்புகளை வரிசைப்படுத்துவது, புதிதாக வந்தவருக்குத் துணையிருப்பது என்று பணிகளைப் பிரித்தோம். வகுப்பின் இறுதியில் ஐந்து நிமிடங்கள் குழந்தைகள் பேச வேண்டும். பெரியவர்கள் குறுக்கிடக் கூடாது என்று விதி செய்தோம்.

எல்லாம் உடனே இனிதாகிவிடவில்லை. அட்டையை இழந்த சிறுவன் அழுதான். இரண்டு வாரங்கள் வரவேயில்லை. அவனுக்கு ஒரு பெருமையைப் பழக்கிவிட்டுப் பிறகு பறித்தவனும் நானே என்பது என்னை உறுத்தியது. மூன்றாவது வாரம் அவன் வீட்டுக்குச் சென்று அழைத்து வந்து, புதிதாக வந்தவருக்குத் துணையிருக்கும் பணியை ஒப்படைத்தேன். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் செய்தான். சில மாதங்கள் கழித்து, ஒரு புதுச் சிறுவனின் தோளில் கைபோட்டு அவன் இந்திப் பாடல் ஒன்றைத் தமிழில் விளக்கிக் கொண்டிருந்ததைக் கண்டேன். பேசிக் கொண்டிருந்தான், நான் தடுக்கவில்லை.

முதல் ஐந்து நிமிடப் பேச்சில் குழந்தைகள் என்ன சொன்னார்கள் என்பதையும் கூறிவிடுகிறேன். நெடுநேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அந்தச் சிறுமிதான் எழுந்து, மெல்லிய குரலில் சொன்னாள்: "சாமி, நீங்க தினமும் லேட்டா வாறீங்க. அதனாலதான் எல்லாரும் பேசுறாங்க."

உண்மைதான். நான் நேரத்துக்கு வந்திருந்தால் அந்தப் பலகைக்கும் சாக்பீசுக்கும் தேவையே இருந்திராது. அன்று முதல் குழந்தைகள் வருவதற்குக் கால் மணி முன்பே நான் அங்கே இருக்கத் தொடங்கினேன்.

அன்பர்களே! குழந்தைக்குப் பொறுப்பைக் கொடுப்போம். அதைவிட முக்கியமாக, அந்தக் குழந்தை நம்மைப் பார்த்து உண்மையைச் சொல்லும்போது அதை ஏற்கும் தகுதியை, அதாவது அந்தப் பழைய பொருளிலான அதிகாரத்தை, நாமும் தேடிக் கொள்வோம்.