மின்சாரக் காரும் குடும்ப விவேகமும்

மின்சாரக் கார் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற பேச்சு இப்போது நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. பத்து முதல் பதினைந்து லட்ச ரூபாய்க்குள் நல்ல வண்டிகள் வந்துவிட்டபடியால், மாதச் சம்பளக்காரர் வீட்டிலும் இந்த யோசனை புகுந்துவிட்டது. இதில் நீதிசாஸ்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒரு வீட்டின் ஐந்தாறு வருட வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டிப்போடும் தீர்மானம் நீதிசாஸ்திரத்துக்குப் புறம்பானதன்று.

ஆலோசனை மெதுவாகவும், ஆலோசித்து முடித்ததைச் செய்வது விரைவாகவும் இருக்கவேண்டும் என்ற கருத்தை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். அவரைப் பின்பற்றிய அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், விவேகத்தின் உறுப்புகளில் ஒன்றாகச் சூழ்நிலை அறிதலைச் சேர்க்கிறார். காரியம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. இந்த வீட்டுக்கு, இந்த வேளையில் நல்லதா என்று பார்க்கவேண்டும் என்பது இதன் பொருள். மின்சாரக் கார் நல்ல பொருள்தான். அதை நான் மறுக்கவில்லை.

பாட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தினந்தோறும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர், கடையில் போய்க் கேட்பது, "சென்னையிலிருந்து ஒரே சார்ஜில் வேளாங்கண்ணி போய்ச் சேருமா?" என்பதே. முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணம் வருஷத்துக்கு ஒருமுறை. அந்த ஒரு நாளுக்காக லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய பாட்டரி வாங்கி, மீதி 364 நாளும் அந்தப் பாரத்தைச் சுமந்து திரிகிறோம். வழியில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலையத்தில் நிறுத்திச் சாப்பிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? உண்மையில் நம்மை ஆட்டுவது பாதி பயம். பாதி, பக்கத்து வீட்டாரின் வண்டி.

கம்பெனி சொல்லும் தூரமும் கவனிக்கத்தக்கது. எம்.ஜி. விண்ட்சர் 2024-ல் வெளிவந்தபோது 331 கிலோமீட்டர் என்றார்கள். அது சோதனைக்குரிய கணக்கு, பொய்யென்று சொல்லமாட்டேன். குளிர்சாதனம் போட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவோர் அதில் நாலில் ஒரு பங்கையாவது தள்ளிவிட்டுக் கணக்குப் பார்ப்பது நலம்.

மிச்சம் எவ்வளவு? பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர். மின்சாரம் யூனிட் 9 ரூபாய், யூனிட்டுக்கு ஆறரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஏறத்தாழ 7,900 ரூபாய் மிஞ்சும். விலையில் மூன்று லட்சம் அதிகம் கொடுத்திருந்தாலும் மூன்று வருஷத்துக்குச் சற்று மேல் ஈடாகிவிடும். 500 கிலோமீட்டரே ஓட்டுகிறவருக்கு ஒன்பதரை வருஷம் ஆகும். அதோடு, 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் மறக்கலாகாது. கார்க் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டென்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச் 31-க்குப் பின் அனுமதிக்கப்பட்ட கடனுக்கு அது கிடையாது.

நிற்க. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உள்ளோருக்கு ஒரு வார்த்தை. வண்டி நிறுத்துமிடத்திலுள்ள பொது மீட்டரிலிருந்து இரவில் வயரை இழுத்துச் சார்ஜ் ஏற்றுகிறவர்கள் உண்டு. "கொஞ்சம் கரண்டுதானே" என்பார்கள். அந்தக் கொஞ்சத்துக்கு மேல்மாடியில் தனியே இருக்கும் விதவைத் தாயும் பங்கு கட்டுகிறாள். பிறர் பொருளை அவர் அறியாமல் எடுப்பதற்கு நீதிசாஸ்திரத்தில் என்ன பெயர் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். சொந்த மீட்டரிலிருந்து இணைப்பு வாங்க முடியுமா என்று முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

மின்சாரக் கார் வாங்கினாலே பூமிக்குச் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று எண்ணுவோரும் உளர். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. புகை ஊருக்குள் இல்லை, அவ்வளவே; மொத்தத்தில் குறைகிறது என்பதும் உண்மைதான். சிலவகைப் பாட்டரிகளில் கோபால்ட் என்னும் உலோகம் சேர்கிறது. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்குள்ள சில சுரங்கங்களில் சிறுவர்கள் வேலை செய்வதை அம்னெஸ்டி ஸ்தாபனம் 2016-ல் அறிக்கையாக வெளியிட்டது. இரும்பு–பாஸ்பேட் வகைப் பாட்டரியில் கோபால்ட் இல்லை. டாட்டா நெக்ஸான் போன்ற நடுத்தர விலை வண்டிகளில் இருப்பது இவ்வகையே. கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்பதற்குக் காசில்லை.

ஆனாலும் எனக்கு அதிகக் கவலை தருவது தூரதேசத்துச் சுரங்கமன்று, நம் வீட்டு மாதக் கணக்கே. தவணை கட்டத் தொடங்கியதும் எந்தச் செலவு முதலில் சுருங்குகிறது? மகளின் கல்லூரிச் சம்பளமா? பாட்டியின் மருந்தா? வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்கு இவ்வருஷம் கூட்டித் தருவதாகச் சொன்ன நூறு ரூபாயா? இவர்களில் ஒருவரும் கார் வாங்கும் ஆலோசனைக்கு அழைக்கப்படுவதில்லை. தகப்பனும் மகனும் விளம்பரத் தாள்களை விரித்துவைத்துப் பேசி முடித்துவிடுகிறார்கள். தாய்க்கு வண்டியின் நிறம் மட்டும் தெரியும். மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி, தவணையையும் அதில் சேர்த்து, வீட்டில் செலவுப்பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் ஒரு வாரம் கொடுத்து வையுங்கள். அவர்கள் எந்த வரியில் விரல் வைக்கிறார்கள் என்று பார்த்தபிறகு முன்பணம் கட்டலாம்.