தெரிந்தே வெளியே விட்ட பிழை

ஒரு நாணயத்தில் பிழை இருந்தால் அதன் விலை ஏறுமா, இறங்குமா? நாணயம் சேர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பிழை எங்க, எப்படி நடந்துச்சு?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

பிலடெல்பியா நாணயச்சாலையில் 1955-இல் அடித்த லிங்கன் சென்ட் நாணயங்கள் சிலவற்றில் ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரியும். அந்தக் காலத்தில் நாணயத்தை அடிக்கும் டையைத் தயாரிக்க, மூல அச்சை அதன்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தினார்கள். இந்த டையில் ஒரு அழுத்தம் சற்றே திரும்பி விழுந்துவிட்டது. அதனால் அந்த டை அடித்த எல்லா நாணயங்களிலும் ஒரே இரட்டை உருவம். ஓரளவு நல்ல நிலையில் உள்ள ஒன்று இன்று ஆயிரம் டாலருக்கு மேல் போகும்.

அதே ஆண்டின் வேறு சில சென்ட்களில் கடைசி 5 மட்டும் இரண்டாகத் தெரியும். அது டை தேய்ந்ததால் வந்தது. 'ஏழையின் டபுள் டை' என்று அதற்குப் பட்டப்பெயர், விலையும் அதற்கேற்ற மாதிரிதான். அடிக்கும்போது டை அசைந்தாலும் இரட்டை விழும். ஆனால் அது தட்டையாக, படிக்கட்டு மாதிரி இருக்கும். உண்மையான டபுள் டையில் இரண்டாவது உருவமும் மேடிட்டு நிற்கும், எழுத்தின் முனையில் பிளவு தெரியும். லென்ஸ் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

நாணயச்சாலையை விட்டு வந்தபின் விழுந்த கீறலுக்கு இந்த மரியாதை கிடையாது. 1949-இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலில், கைமாறிக் கைமாறித் தேயத் தேய நாணயத்தின் மதிப்பெண் குறையும். பிறவிப் பிழைக்குப் பரிசு, பிழைப்புக்காகப் பட்ட அடிக்குக் கழிவு! அநியாயமாகத் தோன்றினாலும் இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. யாரும் திட்டமிடாத விபத்துக்குத்தான் சேகரிப்பவர் பணம் கொடுக்கிறார். யாரோ சுத்தியலால் தட்டி உண்டாக்கிய விபத்து அவருக்கு வேண்டாம்.

ஆனால் 1955 சென்ட் முழுக்க விபத்தா? பரிசோதகர்கள் பிழையைக் கண்டுபிடித்து டையை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் 20,000க்கும் மேற்பட்ட பிழை நாணயங்கள் மற்ற நாணயங்களோடு கலந்துவிட்டன. அவற்றைப் பிரிக்க வழியில்லை. மொத்தக் குவியலையும் உருக்க வேண்டாம் என்று முடிவெடுத்து வெளியே விட்டார்கள். பல நாணயங்கள் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்த சில்லறையாக மக்கள் கைக்குப் போயின. ஆக, பிழை தற்செயல், வெளியீடு தெரிந்தே செய்தது.

மென்பொருள் எழுதுகிற எங்களுக்கு இது பழகின விஷயம். 'தெரிந்த குறை' என்று பட்டியலில் போட்டுவிட்டு ரிலீஸ் பண்ணுவோம். "நாணயச்சாலையே விட்டதுதானே?" என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அது செல்லாது. அந்த சென்ட் கைக்கு வந்தவருக்கு ஒரு சென்ட்டுக்கான பொருள் முழுசாகக் கிடைத்தது. எழுத்து இரட்டையானதில் அவருக்கு நஷ்டமே இல்லை. மருந்தின் அளவைக் கணக்கிடும் நிரலில் உள்ள குறையை அப்படி விட முடியாது. அங்கே விலை கொடுப்பவர் நோயாளி, அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பிழை எப்படி வந்தது என்பதை லென்ஸ் சொல்லும். அதை வைத்து விலை போடலாம். தெரிந்தே விட்டது சரியா என்று கேட்க, அது யார் கைக்குப் போகிறது, அங்கே என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியை ரிலீஸுக்கு முன்னாடியே கேட்டாக வேண்டும்.