முதலில் ‘வேண்டாம்’ என்றவர்

2024 கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை மலைமேல் பக்தர்கள் ஏறவில்லை. நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நிற்காமல் உள்மாவட்டங்களுக்கு நகர்ந்து மழையைக் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1 மாலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். டிசம்பர் 13 அன்று தீபம். அதற்கு முன் தீபத்தன்று 2,500 பேருக்கு மலையேற அனுமதிச் சீட்டு தந்துவந்தார்கள். ஈரத்தில் ஊறிக் கிடந்த மலையை ஆராய்ந்த பிறகு, கொப்பரையையும் நெய்யையும் திரியையும் சுமந்து செல்பவர்கள் மட்டுமே ஏறலாம் என்று அரசு அறிவித்தது.

அந்த ஆண்டு மலையேறுவதாக முடிவெடுத்திருந்தவர்களில் தாமல் என்ற ஊரைச் சேர்ந்த நாங்களும் இருந்தோம். ஊரில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள். ஒருவர் தறி நெய்கிறார். ஒருவர் பள்ளியில் பாடம் நடத்துகிறார். எல்லாருக்கும் இளையவன் ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். விடுப்புக் கேட்டு, செய்யாறு, ஆரணி, போளூர் வழியாகப் போவது என்று பேசி, யார் எதை எடுத்துவருவது என்பதுவரை முடிவாகியிருந்தது. இப்படி ஒன்றாகக் கிளம்புவது ஆண்டு முழுவதும் அவரவர் பாட்டைப் பார்க்கிற எங்களுக்குப் பெரிய விஷயம்.

அறிவிப்பு வந்த பிறகு, பெங்களூரு சாலை ஓரத்துத் தேநீர்க் கடையில் கூடினோம். அனுமதிப் பாதை மூடினால் என்ன, மலைக்கு நான்கு பக்கமும் வழி இருக்கிறதே, பின்பக்கமாக ஏறிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். “இவ்ளோ ஏற்பாடு பண்ணியாச்சு, போய்த்தான் பாப்போமே” என்றார் இன்னொருவர். பேச்சு அந்தப் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சில் இருந்த இளையவன் வாய்திறந்தான். “நான் வர்லண்ணா. அந்த வீட்ல அஞ்சு கொழந்தைங்க.”

அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. “பயந்துட்டியாடா?” என்று ஒரு குரல் கேட்டது. அதற்குப் பதில் சொன்னவர் தறிக்காரர். “தெருவுல பாவு நீட்டியிருக்கும்போது தூறுதுன்னு ஒரு கொரல் வந்தா, யாரு சொன்னதுன்னா கேப்போம்? மொதல்ல சுருட்டுவோம்.”

பட்டு நெசவு தெரிந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் கனம் புரியும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகச் சீர்செய்து காயவைப்பது பலர் கைசேர்ந்து செய்கிற வேலை. அதில் போட்டிருக்கும் பட்டின் விலை ஒரு குடும்பத்தின் பல நாள் சாப்பாடு. அங்கே முதல் துளி விழுந்ததைச் சொன்னது வீட்டுப் பெரியவரா, விளையாட வந்த பிள்ளையா என்பது கேள்வியே இல்லை. சொன்னவர் தைரியசாலியா என்று யாரும் அளப்பதும் இல்லை. செய்தியைத்தான் பார்க்கிறார்கள். மழை வராமலே போனாலும் அந்தப் பிள்ளையை ஒருவரும் திட்டுவதில்லை. திட்டினால் அடுத்த முறை அது துளியைப் பார்த்தும் வாய்மூடி நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

தொழிலில் இருக்கிற இந்த அறிவு, நண்பர்களோடு கிளம்பும்போது நம்மைவிட்டுப் போய்விடுகிறது. கூட்டமாக இருக்கையில் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு தயக்கம் இருக்கும். மற்றவர்கள் உற்சாகமாக இருப்பதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, தன் தயக்கத்தை அமுக்கிக்கொள்வார்கள். வெளியே கேட்பது ‘வந்தது வந்துவிட்டோம்’ என்ற ஒரே குரல்தான். மலையிலும் கடலிலும் ஆற்றிலும் எத்தனையோ பேரை இழுத்துக்கொண்டு போன வாக்கியம் அது. செலவழித்த பணமும், வாங்கிய விடுப்பும், நடந்த தூரமும் அதற்குள் உட்கார்ந்துகொண்டு பேசுகின்றன. எதிரே இருக்கிற வானம் மட்டும் அதில் இல்லை. போட்ட திட்டம் சில வாரங்களுக்கு முன்னால் இருந்த நாம் போட்டது. அந்த நாளின் நமக்கு இன்றைய மழை தெரியாது. தெரியாதவர் சொன்னதற்காக, தெரிந்தவர் தன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

பனி உலகத்தில் நடந்தவர்களின் வரலாற்றில் இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. 1909 ஜனவரி 9 அன்று எர்னஸ்ட் ஷாக்கிள்டனும் மூன்று தோழர்களும் தென்துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில் நின்றார்கள். அதுவரை எந்த மனிதனும் அவ்வளவு தெற்கே போனதில்லை. மேலே நடந்தால் துருவத்தைத் தொட்டுவிடலாம், ஆனால் உணவு திரும்பிவரப் போதாது. ஷாக்கிள்டன் திரும்பினார். நான்கு பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்து அவருக்கு சர் பட்டம் கொடுத்தது.

அடுத்தது ரொவால் அமுண்ட்சென் கதை. துருவத்தை முதலில் தொட வேண்டும் என்ற அவசரத்தில், குளிர்காலம் முழுதாக விலகுமுன்பே, 1911 செப்டம்பர் 8 அன்று ஏழு பேரோடு அவர் கிளம்பினார். குளிர் சுழியத்துக்குக் கீழே 56 டிகிரிவரை இறங்கியது. நாய்களின் கால்கள் உறைந்தன. திரும்புவது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு சரி. திரும்பிய விதம்தான் தவறிப்போனது. கடைசிக் கட்டத்தில் அமுண்ட்சென்னின் சறுக்குவண்டி முன்னால் விரைய, குழு சிதறியது. களைத்துப் பின்தங்கிய பிரெஸ்ட்ருட் என்ற இளைஞரைக் கைவிடாமல் கூடவே நின்று, இருட்டிலும் குளிரிலும் முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் யால்மர் யோஹான்சன். 1895இல் துருவப் பயணி நான்சென்னோடு வடதுருவம் நோக்கிப் போய், 86 பாகைக்கு அப்பால் போகமுடியாது என்று கண்டு திரும்பி, கல்லும் தோலும் கொண்டு கட்டிய குடிசையில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துத் தப்பியவர் அவர். பனியை அவரைவிட அறிந்தவர் அந்தக் குழுவில் அதிகம் பேர் இல்லை.

மறுநாள் காலை, எல்லார் முன்னிலையிலும் யோஹான்சன் தலைவரின் நடத்தையைக் குறைசொன்னார். அமுண்ட்சென் அவரைத் துருவப் பயணத்திலிருந்தே நீக்கி, வேறு திசைக்குப் போகும் சிறு குழுவில் சேர்த்துவிட்டார். அக்டோபரில் ஐந்து பேராகக் கிளம்பிய அமுண்ட்சென், டிசம்பர் 14 அன்று துருவத்தைத் தொட்டார். யோஹான்சன் தாய்நாட்டுக்குத் திரும்பி, 1913 ஜனவரியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்த முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் உண்மையைச் சொன்னதற்கு அவர் கொடுத்த விலை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. தலைவர் ‘வேண்டாம்’ என்றால் அதை விவேகம் என்கிறோம். வரிசையின் பின்னால் நிற்பவர் அதையே சொன்னால் கோழைத்தனம் அல்லது குறுக்கீடு என்கிறோம். ஆனால் ஆபத்தை முதலில் உணர்பவர் பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான். கால் முதலில் தளர்வது அவருக்கு. மூச்சு முதலில் வாங்குவதும் அவருக்குத்தான். குழுவின் உண்மையான நிலை அவர் உடம்பில்தான் முதலில் தெரிகிறது. அவர் வாயைக் கட்டிவிட்டு நடக்கிற குழு, கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற குழு.

அண்ணாமலையின் கதையே இதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன். அடிமுடி தெரியாத சோதியாகச் சிவன் நின்றபோது, பன்றி உருவெடுத்து அடியைத் தேடிப்போன திருமால், முடியவில்லை என்று திரும்பிவந்து ஒப்புக்கொண்டார். அன்னமாய்ப் பறந்த பிரமன், தாழம்பூவைச் சாட்சி வைத்து முடியைக் கண்டதாகப் பொய் சொன்னார். திரும்பிவந்து உள்ளதைச் சொன்னவருக்கு மதிப்பு, போய்ச் சேர்ந்ததாகச் சொன்னவருக்குக் கோயில் இல்லை. எங்கள் ஊரில் சிவனுக்கு வராகீஸ்வரர் என்று பெயர். பன்றி வடிவத்தில் திருமால் வழிபட்ட தலம் என்பது ஐதீகம். அது வேறொரு புராணத்தின் பன்றிதான். ஆனாலும் அந்தச் சந்நிதியில் நிற்கும்போது, ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லத் துணிந்த அந்தக் கடவுளைத்தான் என் மனம் நினைத்துக்கொள்கிறது.

நாங்கள் போகவில்லை. தீபத்தன்று மாலை தாமல் ஏரிக்கரையில் நடந்தோம். பாலாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிறைகிற, 18 அடிக்கு மேல் ஆழம் கொள்ளும் பெரிய ஏரி அது. பிறகு அவரவர் வீட்டு வாசலில் விளக்கேற்றினோம். இது மலையேற்றத்துக்கு ஈடு என்று சொல்லமாட்டேன். திட்டம் மாறினால் அதைவிட நல்லது ஒன்று நமக்காகக் காத்திருக்கும் என்று ஆறுதல் சொல்வது வழக்கம். பல சமயம் அப்படி எதுவும் காத்திருப்பதில்லை. இழந்தது இழந்ததுதான். அந்த ஏமாற்றத்தை ஏமாற்றமாகவே வைத்துக்கொள்ள முடிந்தால்தான், அதற்குக் காரணமானவர் மேல் கோபம் வராது. எங்களில் எல்லாருக்கும் வருத்தம் இருந்தது, இளையவனுக்கும் இருந்தது. எங்கள் வருத்தம் அவன் கணக்கில் எழுதப்படவில்லை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அன்று மாலை 6 மணிக்கு 2,668 அடி உயரத்து மலையுச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. வழிவழியாக அந்தப் பணியைச் செய்துவருகிற பருவதராஜகுலத்தார் கடமையாக ஏறினார்கள். எங்களுக்கு இருந்தது ஆசை. கடமைக்கு ஏறுபவர் ஏற்கும் ஆபத்தை ஆசைக்கு ஏறுபவர் ஏற்கத் தேவையில்லை என்ற வேறுபாடும் அன்றுதான் எனக்குத் தெளிவானது.

எப்போதும் தயங்குகிற ஒருவர் இருந்தால் எந்தப் பயணமும் நடக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே மறுப்புச் சொல்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எதைப் பார்த்து மறுக்கிறேன் என்பதை அவர் சொல்ல வேண்டும். நிலைமை மாறியபின் அடுத்த ஏற்பாட்டுக்கு அவரே முதலில் தோள் கொடுக்க வேண்டும். அமுண்ட்சென் குழுவிலும் செப்டம்பரில் திரும்பியவர்கள்தான் அக்டோபரில் மறுபடி கிளம்பினார்கள். எங்கள் இளையவனும், மழை விட்டதும் ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போகலாம் என்று அன்றே பேச்செடுத்தான். 14 கிலோமீட்டர் பாதையை எல்லாரும் சேர்ந்து சுற்றுவது என்று முடிவானது.

எல்லாரும் ஒரே குரலில் ‘சரி’ என்பதை நட்பின் அடையாளமாக எண்ணுகிறோம். அது எளிது, எந்தப் பேருந்துக் கூட்டத்திலும் கிடைக்கும். ஒருவர் மட்டும் ‘வேண்டாம்’ என்ற பிறகும், அவர் இடம் கொஞ்சமும் சுருங்காமல் அதே பெஞ்சில் இருக்கிறாரா என்பதுதான் அளவுகோல். அடுத்த பயணத்துக்குக் கிளம்புமுன், பையில் எதை வைப்பது என்று பேசும்போதே, இதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வழியில் யார் நிற்கச் சொன்னாலும் எல்லாரும் நிற்பது, கேலி இல்லை, பிறகு குத்திக்காட்டுவதும் இல்லை. அந்த வாக்கு இருந்தால் திட்டம் எத்தனை முறை மாறினாலும் கூட்டம் கலையாது.